கித்தா மரத்தைக் கறக்கக் கற்றவர்
(எச். என். ரிட்லியின் வாழ்க்கை வரலாறு)



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டுக் கொண்டார். காந்தியடிகள், பாரதியார், அன்னை தெரேசா என்று பலருடைய வரலாறும் நம் மலரில் முன்பே வந்துவிட்டது. இந்த ஆண்டு யாரை எழுதலாம் என்று யோசித்துக் கொண்டிருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டான். டீச்சர், முதன் முதலா இந்தப் பால் மரத்தை யாரு வெட்டினாங்க என்றான். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர். அப்படியிருந்தும் பதில் தெரியவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரம் வெட்டுவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. என் பாட்டி ஒரு முறை தமிழ்நாட்டுக்குப் போய் உறவினர்களைப் பார்த்து வந்தார். அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். மரம் வெட்டுற வேலை என்று பாட்டி சொன்னாராம். இந்த மெலிந்த கையால் கோடாலி தூக்குகிறாளா என்று அவர்கள் வாயைப் பிளந்து விட்டார்களாம். நம் ஊரில் மரம் வெட்டுவது என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. மரத்துக்குச் சேதம் வராது. நாளை மறுநாள் அதே மரத்திடம் திரும்பப் போக வேண்டுமே! ஆனால் ஒரு காலத்தில், பால் எடுக்க வேண்டுமென்றால் உண்மையிலேயே கோடாலியால் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அந்தக் காலத்துக்கும் நம் காலத்துக்கும் நடுவே நின்றவர்தான் நம் கதாநாயகர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி.

கித்தா என்னும் சொல்

ரப்பர் மரத்தை நம் தாத்தா பாட்டிமார் கித்தா மரம் என்றார்கள். தோட்டத்தைக் கித்தாக் காடு என்றார்கள். இது கெத்தா என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மரத்திலிருந்து வடியும் பால், பிசின் எல்லாவற்றுக்கும் மலாய்க்காரர்கள் சொல்லும் பொதுப் பெயர் அது.

மரத்திலிருந்து வடிவதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. மாணவர்கள் இதை நன்றாகத் தெரிந்து கொள்ள வேண்டும். கருவேல மரத்தின் பிசின் தண்ணீரில் கரையும். மை செய்யவும், காகிதம் ஒட்டவும், துணிக்குக் கஞ்சி போலப் போடவும் அது பயன்பட்டது. சாம்பிராணி, குங்கிலியம், நம் காட்டு டாமார் முதலியவை தண்ணீரில் கரையா. நெருப்பில் போட்டால் எரிந்து மணக்கும். டாமாரைப் படகின் ஓட்டை அடைக்கவும் வார்னிஷ் காய்ச்சவும் வாங்கினார்கள். மூன்றாவது வகை பால். பட்டைக்குள் வெள்ளையாக ஓடி, வெளியே வந்தால் உறைந்து விடும். ரப்பர், ஜெலுத்தோங், கெத்தா பெர்ச்சா எல்லாம் இந்த வகை. ஜெலுத்தோங் பாலைச் சூயிங்கம் செய்வதற்காகவே பல காலம் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள்.

வெட்டிச் சாய்த்த காலம்

ரப்பருக்கு முன்னால் இந்த மண்ணில் பெரும் பணம் பார்த்தது கெத்தா பெர்ச்சா. மலாய்க்காரர்கள் அதை வெந்நீரில் போட்டு இளக்கி, பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். ஆறினால் கட்டை போல இறுகி விடும். சிங்கப்பூரில் இருந்த டாக்டர் மாண்ட்கோமரி என்பவர் இதைப் பார்த்துவிட்டு, 1843-ஆம் ஆண்டு வாக்கில் இலண்டனுக்கு மாதிரி அனுப்பி வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தந்திக் கம்பி வந்தது. கம்பியைக் கடலுக்கு அடியில் போட வேண்டுமானால் உப்புத் தண்ணீர் படாமல் அதற்கு ஒரு சட்டை வேண்டும். மற்ற பொருள்கள் எல்லாம் கடலில் கெட்டுப் போயின. கெத்தா பெர்ச்சா மட்டும் கெடவில்லை. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தி ஓடியது. 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி நிலையான தந்தித் தொடர்பு ஏற்பட்டது. 1870-களின் தொடக்கத்தில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடிக் கம்பி இணைத்துவிட்டது. நம் முன்னோர் கப்பலில் பல நாள் தள்ளாடி வந்த அதே கடலுக்கு அடியில், இந்தக் காட்டு மரத்தின் பாலைச் சட்டையாகப் போட்டுக் கொண்டு செய்தி ஓடியது என்பது வியப்புக்குரியது அல்லவா?

ஆனால் அந்தப் பாலை எடுத்த முறைதான் மனதைக் கஷ்டப்படுத்துகிறது. கெத்தா பெர்ச்சா மரத்தின் பால் சீக்கிரம் உறைந்து நின்று விடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடி முதல் நுனி வரை பட்டையில் வளையம் வளையமாக வெட்டி, கசிந்ததை வழித்து எடுத்தார்கள். வானளாவ வளர்ந்த ஒரு மரத்தைச் சாய்த்தாலும் பெரும்பாலும் ஒரு கிலோ கூடத் தேறாது. பிறகு அந்த மரம் அங்கேயே கிடந்து மட்கிப் போகும். சிங்கப்பூர்த் தீவிலிருந்த பெரிய மரங்கள் சில ஆண்டுகளிலேயே தீர்ந்து விட்டன. பிறகு ஜொகூர், அதன் பிறகு தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ என்று கோடாலி நடந்து கொண்டே போனது. பொன் முட்டையிடும் வாத்தின் வயிற்றை அறுத்த கதைதான்.

பிறப்பும் படிப்பும்

ரிட்லி 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்தில் வெஸ்ட் ஹார்லிங் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார். ரிட்லி சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயார் இறந்து விட்டார். தாயில்லாப் பிள்ளை வயல், வேலி, குளக்கரை என்று சுற்றி, பூச்சிகளையும் பறவைகளையும் செடிகளையும் பார்த்தே வளர்ந்தது.

ஹெய்லிபரிப் பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பட்டம் பெற்றார். 1880-இல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் தாவரப் பிரிவில் வேலை கிடைத்தது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதும் வேலை அது. 1887-இல் பிரேசில் நாட்டுக்கு அருகே கடலில் உள்ள பெர்னாண்டோ டி நொரோன்யா என்னும் தீவுக்குச் சென்று ஆராய்ந்து வந்தார். மறு ஆண்டு, அதாவது 1888-இல், நீரிணைக் குடியேற்றங்களின் தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இயக்குநராகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32.

இந்த 1888-ஐ மாணவர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் டன்லப் என்பவர் காற்றடைத்த சைக்கிள் டயருக்கு உரிமம் பெற்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் செய்த டயருக்கு வேண்டிய ரப்பர், மற்றவர் பொறுப்பேற்ற தோட்டத்தின் புல்லுக்கும் புதருக்கும் நடுவே நின்று கொண்டிருந்தது.

புதருக்குள் நின்ற மரங்கள்

அந்த மரங்கள் அங்கே எப்படி வந்தன? ரப்பர் மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கொட்டைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். ரப்பர்க் கொட்டை பலநாள் தாங்காது, எண்ணெய் கெட்டு முளை செத்து விடும். எழுபதாயிரத்தில் முளைத்தது மூவாயிரம் கூட இல்லை. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அதில் ஒன்பது கன்றுகள் பேராவின் கோலாகங்சாருக்குச் சென்றன. மீதியில் பெரும்பாலானவை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன.

ரிட்லி வந்தபோது அவை பதினொரு வயது மரங்கள். சுற்றிலும் களை மண்டிக் கிடந்தது. இவற்றை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ரிட்லி களையை வெட்டச் சொன்னார். பிறகு கத்தியை எடுத்துக் கொண்டு மரத்தின் முன்னால் போய் நின்றார்.

கத்தியும் பட்டையும்

நம் தோட்டங்களின் கதை உண்மையில் இங்கேதான் ஆரம்பமாகிறது. அமேசான் காட்டில் ரப்பர் எடுப்பவர்கள் சிறு கோடாலியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கோடாலி பட்டையைத் தாண்டி உள்மரத்தில் பாயும். காயம் ஆறும்போது மரம் முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். அடுத்த தடவை அந்த இடத்தில் வெட்ட முடியாது. அங்கே பல லட்சம் மரங்கள் காட்டில் நின்றதால் அவர்களுக்கு அது பெரிய கவலையாகத் தெரியவில்லை. ஏக்கர் கணக்கில் நட்டு, ஆறேழு வருஷம் வளர்த்து, அதே மரத்தில் பல்லாண்டு காலம் பால் எடுக்க வேண்டுமானால் அந்த முறை உதவாது.

ரிட்லி கோடாலியை விட்டுவிட்டு, மெல்லச் சீவிப் பார்த்தார். பட்டைக்குள்ளே பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளர்தோல் உண்டு. அந்தத் தோலைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவினால் பால் வரும், பட்டையும் மறுபடி வளரும். தொட்டு விட்டால் காயம். இதை அவர் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. வந்த மறு ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் இந்த ஆராய்ச்சியிலேயே இருந்தார். எந்த ஆழத்தில் சீவுவது, எத்தனை நாளைக்கு ஒரு முறை சீவுவது, எந்த வயது மரம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, பாலை நிறுத்துக் குறித்து வைத்தார்.

இரண்டு விஷயங்கள் அவருக்குப் பிடிபட்டன. முதலாவது, விடியற்காலையில்தான் பால் அதிகம். வெயில் ஏற ஏற இலைகள் தண்ணீரை இழுத்துக் கொள்ளும். பட்டைக்குள் அழுத்தம் குறையும். பால் சீக்கிரம் நின்று விடும். நம் அம்மாமார்கள் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக் கொண்டு காட்டுக்குள் நுழைந்ததற்கு இதுதான் காரணம். இரண்டாவது, அதைவிடப் பெரியது. புதிய இடத்தில் புதிய காயம் போடுவதைவிட, பழைய வெட்டின் ஓரத்தையே மறுபடி மெல்லச் சீவினால் பால் கூடுதலாக வருகிறது! முதல் நாளைவிட மூன்றாம் நாள் அதிகம். பக்குவமாக எழுப்பினால் மரம் பாலைச் சுரந்து கொடுக்கிறது.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ரிட்லிக்குத் தமிழ்ப் பழமொழி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த பொருள் அதுதான்.

1897-ஆம் ஆண்டு வாக்கில் அவருடைய முறை ஓர் உருவத்துக்கு வந்தது. நடுவில் நேராக ஒரு வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகச் சிறு வெட்டுகள், அடியில் ஒரு கோப்பை. மீனின் முள்ளெலும்பு போல இருப்பதால் மீன்முள் முறை என்று அதற்குப் பெயர் வந்தது. இலங்கையில் பார்க்கின் என்ற அறிஞரும் அதே காலத்தில் இதே வழியில் ஆராய்ந்து, பாலை அமிலம் விட்டு உறைய வைக்கும் முறையைத் தெளிவாக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய காரியம் ஒருவர் கையால் மட்டும் முடிவதில்லை. மீன்முள் முறை பிற்காலத்தில் மாறி, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வரும் ஒற்றைச் சாய்வு வெட்டு வந்தது. நம் காட்டில் நாம் பார்த்தது அதுதான். ஆனால் பழைய வெட்டையே மெல்லச் சீவுவது என்ற அடிப்படை மாறவே இல்லை.

கிறுக்கர் என்ற பட்டம்

முறை கிடைத்து விட்டது. ஆனால் நடுவதற்கு ஆள் வேண்டாமா? அக்காலத்து மலாயாத் தோட்டக்காரர்கள் காப்பி நட்டுக் கொண்டிருந்தார்கள். ரப்பர் என்றால் காட்டில் கிடைக்கிற சரக்கு, அதைப் போய் யாராவது நடுவார்களா என்று சிரித்தார்கள். ஆறேழு வருஷம் வருமானமே இல்லாமல் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

ரிட்லி விடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பரைப் பற்றியே பேசினார். சட்டைப் பையில் கொட்டைகளைப் போட்டுக் கொண்டு ஊர் ஊராகப் போய், நடுங்கள் நடுங்கள் என்று கையில் திணித்தார். 1891 முதல் வேளாண்மை இதழ் ஒன்றை நடத்தி அதிலும் எழுதினார். வீண் வேலையில் நேரத்தைச் செலவிடுகிறார் என்று மேலிடத்தில் சிலர் குறைப்பட்டார்கள். தோட்டக்காரர்கள் கிறுக்கு ரிட்லி என்றே அவருக்குப் பெயர் வைத்து விட்டார்கள். ரிட்லியும் எளிதில் விட்டுக் கொடுக்கிற சுபாவம் உடையவர் அல்லர்.

1895, 1896-ஆம் ஆண்டுகளில் நிலைமை சற்றுத் திரும்பியது. மலாக்காவில் டான் சே யான் என்ற சீன இளைஞர் ரிட்லியின் பேச்சை நம்பி, புக்கிட் லிந்தாங் என்ற இடத்தில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். காஜாங் பக்கத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் அதே சமயத்தில் நட்டார்கள். பிறகு பிரேசில் காப்பி உலகச் சந்தையில் கொட்டி, விலை விழுந்தது. காப்பித் தோட்டக்காரர்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. கிறுக்கரின் கொட்டை தேடி அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். ஈரம் கலந்த கரித்தூளில் கொட்டையைப் பொதிந்து அனுப்பினால் கெடாது என்று ரிட்லி கண்டுபிடித்து வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. தாவரத் தோட்டத்திலிருந்து லட்சக்கணக்கான கொட்டைகள் வெளியே சென்றன. அமெரிக்காவில் 1908-இல் போர்டு கம்பெனியின் மலிவு விலைக் கார் வந்தது. டயருக்கு ரப்பர் பற்றவில்லை. 1910-இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் மலாயாவில் ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் ரப்பர் நின்றது. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போயிற்று. கிறுக்கு ரிட்லி என்ற பெயர் மறைந்து ரப்பர் ரிட்லி என்ற பெயர் நிலைத்தது.

நம்மவர் வந்த கதை

ஏக்கர் ஏறியது சரி. அத்தனை மரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் சீவியவர்கள் யார்?

இந்தக் கேள்விக்கு விடை நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படத்தில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி வந்தவர்கள் அவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணிமார் ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த முறை அதற்குப் பிறகும் நீடித்தது. காடு அழித்தவர்களும், கன்று நட்டவர்களும், மலேரியாக் காய்ச்சலில் மாண்டவர்களும் அவர்களே. காடு வெட்டித் திறந்த இடத்தில் கொசு பெருகிற்று. பெயர் கூட எழுதி வைக்காத புதைகுழிகள் எத்தனையோ தோட்டங்களில் உண்டு. ரிட்லியை முதலில் நம்பிய டான் சே யானும் 1916-இல் மலேரியாவில்தான் இறந்தார்.

ரிட்லி நம்மவரைக் கூட்டி வரவில்லை. அதைச் செய்தது அரசாங்கமும் கம்பெனிகளும். ஆனால் அவர் கண்டுபிடித்த கத்தி முறை இல்லாவிட்டால் இத்தனை தோட்டங்கள் இல்லை. தோட்டங்கள் இல்லாவிட்டால் இத்தனை தமிழ்ப்பள்ளிகளும் இந்த நாட்டில் எழுந்திருக்குமா? நன்மையும் துன்பமும் ஒரே மரத்தில் தொங்குகின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிட்லி சோதனை செய்தது சில மரங்களில். என் அம்மா ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டினார். ஒவ்வொரு மரத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் பட்டை சீவ வேண்டும். உள்ளே வளர்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். இருட்டில், கொசுக்கடியில், அளவுகோல் இல்லாமல்! மில்லிமீட்டர் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. மணிக்கட்டுக்குத் தெரியும். கத்தி கட்டையைத் தொடப்போனால் சத்தம் மாறும், காதுக்குக் கேட்கும் என்பார். காயம் விழுந்தால் அந்தத் தோட்டத்தில் கூலியைப் பிடித்து விடுவார்கள். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். கை நடுங்கி, நாலைந்து மரத்தில் காயம் விழுந்து விட்டது. சம்பளம் குறைந்தது. அந்த மாதம் என் பள்ளிக் காலணி வாங்கவில்லை. அம்மா அழுதது சம்பளத்துக்காக என்றுதான் நான் நினைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். மரத்தைக் காயப்படுத்தி விட்டோமே என்றுதான் அழுதாராம்.

அந்த அறிவு எந்தப் பாட நூலிலும் இல்லை. ரிட்லி எழுதி வைத்ததால் அவர் பெயர் நிலைத்தது. நம் தாய்மார் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசிக் காலம்

ரிட்லி ரப்பரோடு நின்றுவிடவில்லை. மலாயாக் காடுகளில் நடந்து திரிந்து ஆயிரக்கணக்கான செடிகளைச் சேகரித்தார். ஆர்க்கிட் மலர்களிலும் இஞ்சி இனச் செடிகளிலும் அவருக்குத் தனிப் பிரியம். ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் தம் தோட்டத்தில் கண்ட கலப்பின ஆர்க்கிடை 1893-இல் உலகுக்கு விவரித்து எழுதியவர் ரிட்லிதான். அந்த மலரே 1981-இல் சிங்கப்பூரின் தேசிய மலர் ஆயிற்று. 1907-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

1911 வரை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் கியூ தோட்டத்துக்கு அருகில் குடியிருந்தார். ஓய்வு என்று பெயரே தவிர, உட்கார்ந்து எழுதிக் கொண்டேயிருந்தார். மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து பாகங்கள் கொண்ட பெருநூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். விதைகள் காற்றிலும் நீரிலும் பறவை வயிற்றிலும் எப்படி ஊர் விட்டு ஊர் போகின்றன என்பதைப் பற்றி 1930-இல் இன்னொரு பெரிய நூல் எழுதினார். ஊர் விட்டு ஊர் வந்த மரத்தோடு பழகியவருக்குப் பொருத்தமான நூல்தான். எண்பது வயதைத் தாண்டிய பிறகு திருமணம் செய்து கொண்டார் என்பது மாணவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்!

1955 டிசம்பரில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் கியூவில் காலமானார். பத்து மாதம் கழித்து மலாயா சுதந்திரம் பெற்றது. அப்போது நாட்டின் வருமானத்துக்கு முதுகெலும்பாக நின்றது ரப்பர்தான்.

நமக்கு என்ன பாடம்?

இன்று காலம் மாறி விட்டது. 1980-களின் இறுதி வரை இயற்கை ரப்பரில் முதலிடத்தில் இருந்த மலேசியாவைத் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் 1990-களில் முந்தி விட்டன. கித்தாக் காடுகள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் எழுந்து விட்டது. நம் மாணவர்களில் பலர் கித்தா மரத்தைப் பாடப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். உளி போன்ற அந்தக் கத்தியையும், மங்கையும், காண்டா வாளியையும் காட்டி இது என்ன என்று கேட்டால் விழிக்கிறார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல. நாம் சொல்லித் தரவில்லை.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூலையில் பழைய கத்தி கிடந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டு விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதை எப்படிப் பிடித்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்று காட்டுங்கள். ஒட்டுப்பால் உருட்டியது, மழைக்குப் பயந்து வானத்தைப் பார்த்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை அதை எழுதி வைக்கட்டும். கொண்டு வந்து கொடுத்தால் அடுத்த மலரில் போடத் தலைமையாசிரியரிடம் நானே கேட்கிறேன்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்கள் இருப்பீர்கள். வாங்காமல் கை தட்டுகிறவர்களும் இருப்பீர்கள். ரிட்லி பெரிய இயந்திரம் எதையும் செய்யவில்லை. ஒரு மரத்தின் முன்னால் நாள்தோறும் நின்று, நேற்றுச் சீவிய இடத்தையே இன்றும் மெல்லச் சீவி, என்ன நடக்கிறது என்று குறித்து வைத்தார். சிரித்தவர்களைப் பார்த்து நிறுத்தவில்லை. படிப்பும் அப்படித்தான். பரீட்சைக்கு முதல் நாள் கோடாலி போட்டால் மரம் முடிச்சு விழுந்து போகும். தினமும் கொஞ்சம் சீவினால் சுரக்கும். கணக்கு வராத பிள்ளைக்கும் சுரக்கும், ஆங்கிலம் வராத பிள்ளைக்கும் சுரக்கும்.

கோலாகங்சாருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், 1877-இல் வந்த ஒன்பது கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் முதிய மரத்தை வேலிக்குள் பார்க்கலாம். அருகில் நின்று அதன் பட்டையைப் பாருங்கள். அதன் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டிய பெயர்கள் இரண்டு. ஒன்று ரிட்லி. இன்னொன்று உங்கள் பாட்டியின் பெயர். அந்தப் பெயர் தெரியாத பிள்ளை யாராவது இருந்தால், இன்று விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!